அலையும் ஆசானும்

மேலைநாட்டு இளைஞரிடையே ஒரு வழக்கம் உண்டு. பள்ளிப் படிப்பை முடித்தோருள் ஒரு சாரார் பல்கலைக்கழகத்தை நாடாது, மலையேறவும் ஓடம் செலுத்தவும் காட்டில் வழிகண்டு நடக்கவும் பயிற்றும் வெளிக்களக் கல்லூரிகளிற் சேருகின்றனர். அங்கே ஓரிரண்டு ஆண்டுகள் பயின்றபின் கனடாவுக்கோ நியூசீலாந்துக்கோ ஒஸ்திரியாவுக்கோ சென்று, பனிச்சறுக்குக் கற்பிக்கும் ஆசானாவதற்கு உரிய பயிற்சியைப் பெற்றுக்கொள்கின்றனர். காலிற் பூண்ட நீண்ட பட்டைகளின் துணையால் பனிமூடிய மலைச்சரிவில் வழுக்கிச் செல்வதே பனிச்சறுக்கு. அதனைப் பிறர்க்குக் கற்பிப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோர் ஐரோப்பாவிற் பல்லாயிரவர்.

இச்செய்தியைக் கல்முனைச் சந்தையில் நின்று ஒருவர் சொல்வாராயின் கேட்போர் நகைப்பர். பனிக்கட்டியை மீன் பெட்டியிலன்றிக் கண்டறியாத நமக்கு இக்கதை எதற்கு என்பர். நம்மூரார் பலர் உழைக்கச் செல்லும் துபாய் நகரிலே, பாலைவனத்தின் நடுவே ஒரு பெருங்கட்டடத்தினுள், 2005ஆம் ஆண்டு முதல் செயற்கைப் பனியைப் பரப்பிச் சறுக்கக் கற்பித்து வருகின்றனர் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டி அப்பாற் செல்வோம். நாம் பேசப் புகுந்தது பனியைப் பற்றியன்று. இயற்கை ஓர் ஊருக்கு அளித்த ஒன்றை அவ்வூரார் எவ்வாறு ஒரு கல்வியாகவும் கண்ணியமான தொழிலாகவும் ஆக்கிக்கொண்டனர் என்பதும், அதனை நாம் ஏன் இன்னும் செய்தோமில்லை என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

ஒஸ்திரியா நாட்டின் ஆள்பெர்க் மலைப்பகுதி ஒரு காலத்தில் வறுமைப்பட்ட இடமாகவே இருந்தது. மாடு மேய்த்தலும் மலைப்பாதை திருத்தலுமே அங்குள்ளார்க்குப் பிழைப்பு. பனிக்காலம் அவர்க்குப் பகையாய் நின்றது. அம்மலையிலே 1890ஆம் ஆண்டு பிறந்த ஹன்னஸ் ஷ்னைடர் என்பார், 1907இல் சங்க்ற் அன்ரன் என்னும் சிற்றூரின் விடுதியொன்றில் விருந்தினர்க்குச் சறுக்கக் கற்பிக்கும் வேலையை ஏற்றார். முதலாம் உலகப் போரின் பின் அவர் அமைத்த பள்ளியிற் புதுமை ஒன்று இருந்தது. வந்தவரையெல்லாம் ஒரே கும்பலாக மலைக்கு இட்டுச் செல்லாமல், அவரவர் திறமைக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்தார். ஒரு பாடத்திற் தேறியவரையே அடுத்த வகுப்புக்கு ஏற்றினார். ஆசிரியர் அனைவரும் ஒரே முறையிற் கற்பிக்க வேண்டுமென விதித்தார். நாம் பாலர் வகுப்பிற் காணும் ஒழுங்கையன்றி வேறொன்றையும் அவர் செய்தாரல்லர். அவ்வொழுங்கே அம்மலைக்குப் புகழ் தேடித் தந்தது. 1930இல் யப்பானியர் அவரைத் தம் நாட்டுக்கு அழைத்துக் கற்றனர். 1938இல் நாற்சியர் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியபோது அவர் சிறைப்பட்டார். மறு ஆண்டு விடுதலையாகி அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநிலம் சென்று, அங்கும் அதே கல்வியைத் தொடர்ந்தார். நாடிழந்த மனிதர் தம்முடன் எடுத்துச் சென்றது அக்கல்வி ஒன்றையே.

இனி நம் கரைக்கு வருவோம்.

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி எனக் கடலோரமாகவே செல்லும் வீதி, 60 கிலோமீற்றருக்கு மேற் கடந்து பொத்துவிலை அடைகின்றது. அதற்கப்பால் உள்ளது அறுகம்குடா. சித்திரை வைகாசியிற் கச்சான் காற்று எழும்பும்போது வயலிலும் வளவிலும் உள்ளோர் அதன் வெம்மையைச் சபிப்பதை நாம் அறிவோம். அதே கச்சான், தரையிலிருந்து கடலை நோக்கி வீசி, கரைக்கு வரும் அலையை எதிர்த்து நிற்கின்றது. அலை சட்டென உடைந்து சரியாமல், முகம் நிமிர்ந்து ஒழுங்காகச் சுருள்கின்றது. அவ்வலையோ நம் கடலிற் பிறந்ததன்று. நெடுந்தொலைவில், தென்துருவத்தை அடுத்த பெருங்கடலில் எழும் புயல்கள் கிளப்பிய நீர்மேடுகள் பல நாட் பயணஞ் செய்து இலங்கையின் தென்கிழக்கு மூலையைச் சுற்றி வருகின்றன. அவை அறுகம்குடாவின் கன்முனையைத் தொட்டதும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசையாக மடிந்து ஓடுகின்றன. பலகை மீது நிற்போன் அம்மடிப்பின் முன்னே வெகுதூரம் வழுக்கிச் செல்லலாம். இதனைச் ‘சேர்பிங்’ என்பர் நம் இளைஞர். அலைச்சறுக்கு எனத் தமிழிற் சொல்வோம்.

அலைச்சறுக்குக்கு உலகம் முழுவதும் பெயர்பெற்ற இடங்களுள் அறுகம்குடா ஒன்று. 1970களில் வெளிநாட்டார் பலகைகளோடு இங்கு வரத் தொடங்கினர். அவர் விட்டுச் சென்ற உடைந்த பலகைகளை ஒட்டித் திருத்தி, கரையோரப் பிள்ளைகள் தாமாகவே கற்றனர். ஆசான் இல்லை, நூல் இல்லை, கட்டணமும் இல்லை. சித்திரை முதல் புரட்டாசி ஐப்பசி வரை ஆண்டுதோறும் அவ்வூர் வெளிநாட்டாரால் நிறைகின்றது. 2019ஆம் ஆண்டு உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிகாண் போட்டி ஒன்றும் அங்கு நடந்தேறியது. 1964இல் நிறுவப்பட்ட அனைத்துலக அலைச்சறுக்குச் சங்கம் பல்லாண்டு முயன்றதன் பயனாக, 2021இல் யப்பானில் நடந்த ஒலிம்பிக் விழாவில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. கடற்கரைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று இனியும் இதனைத் தள்ளிவிட முடியாது.

மாரி தொடங்கி வாடைக் காற்று வீசும்போது நம் கடல் கலங்கிச் சினக்கும். அப்பொழுது தெற்கே வெலிகமை, மிதிகமை, ஹிக்கடுவைக் கரைகள் அமைதி பெறும். ஆதலால் இத்தொழிலைக் கற்றவன் கச்சானுக்கு ஒரு கரையும் வாடைக்கு ஒரு கரையுமாக ஆண்டு முழுவதும் உழைக்கலாம். ஐரோப்பியப் பனிச்சறுக்கு ஆசான் தன் நாட்டில் பனி உருகியதும் பூமியின் மறுபுறமாகிய நியூசீலாந்துக்கு ஓடி இரண்டாம் பனிக்காலம் தேடுகின்றான். நம்மவன் வானூர்தி ஏற வேண்டியதில்லை. ஒரு பகற்பொழுது பஸ் பயணமே போதும். இத்தகைய பேறு உலகில் எத்தனை நாடுகளுக்குக் கிடைக்கும்?

ஆயினும் கரையில் இன்று நடப்பது என்ன? நன்றாக அலையேறத் தெரிந்த இளைஞன் ஒருவன் இரண்டு பலகைகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வழியிற் கண்ட விருந்தினரை அழைத்துச் சென்று கற்பிக்கின்றான். அவனுள் மிகச் சிறந்தவர் உளர். முறையாகச் சான்றிதழ் பெற்றுப் பள்ளி நடத்துவோரும் உளர். அவர்களை நாம் குறைத்துக் கூறவில்லை. எனினும் பெரும்பாலோர் நிலை அதுவன்று. தாம் செய்ய வல்லதைப் பிறர்க்குக் கற்பிக்கவும் வல்லோம் என அவர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணத்திற்றான் பிழை இருக்கின்றது.

இதற்கு நாம் காட்டத்தக்க சான்று டென்சிங் நோர்கேயின் வாழ்க்கை. 1953 மே 29ஆம் நாள் எட்மண்ட் ஹிலாரியோடு எவரெஸ்ற் சிகரத்தில் நின்றவர் அவர். எழுதப் படிக்க அறியாதவர். பல மொழி பேச வல்லவர். 1954 நவம்பரில் டார்ஜீலிங்கிலே இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டபோது, களப்பயிற்சிக்கு அவரே தலைமை ஏற்றார். ஆயின் தலைமை ஏற்குமுன் அவரைச் செய்யச் சொன்னது யாது? சுவிற்சர்லாந்துக்குச் சென்று பயின்று வருமாறு பணித்தனர். உலகின் மிக உயர்ந்த சிகரத்தை மிதித்த மனிதர், சேர்ப்பாக்கள் சிலருடன் ரோசன்லௌவி என்னும் மலையூரில், ஆர்ணல்ட் கிளாற்ஹார்ட் என்னும் ஆசானிடம் மாணாக்கராய் அமர்ந்தார். ஏறுவது எப்படியென அவருக்கு எவர் சொல்லிக் கொடுப்பது? அவர் கற்றது ஏறக் கற்பிப்பது எப்படி என்பதை. கயிற்றை எவ்வரிசையிற் கட்டக் காட்டுவது, அஞ்சி நிற்பவனை எவ்வாறு ஓரடி எடுத்து வைக்கச் செய்வது, எந்த நேரத்தில் வகுப்பைக் கலைத்துக் கீழே இறங்குவது என்பன போன்றவை ஏறுவோனுக்குத் தானாக வருவனவல்ல. அப்பயிற்சியோடு அவர் திரும்பி வந்து டார்ஜீலிங்கில் ஆண்டுதோறும் இளைஞரைப் பயிற்றினார். வெளிநாடு சென்றது ஒரு மனிதர் பிழைப்பதற்காகவன்றி ஒரு பள்ளி எழுவதற்காக என்பதை நம் சங்கத்தார் சிறிது ஊன்றி நோக்குவாராக.

அலைக்கு வந்தாலும் இதுவே நிலை. பதினைந்து வயதுப் பொத்துவிற் பிள்ளை ஒருவன் அலையைக் கண்டதும் அவன் உடலே அதற்கு விடை சொல்லும். முதன்முறை கடலைக் காணும் ஐம்பது வயது விருந்தினர்க்கு அவ்விடையை வார்த்தையாக்கிச் சொல்வது வேறு கலை. அன்றைய நீரோட்டம் எப்பக்கம் இழுக்கின்றது, பாறை எவ்வாழத்தில் இருக்கின்றது, மணற்றரையுள்ள சிறிய அலை எங்கே உடைகின்றது, இவர்க்கு எத்துணை நீளமான பலகை தாங்கும், விழுந்தால் தலையைக் கைகளால் எவ்வாறு காத்துக்கொள்ள வேண்டும், எவ்வெத்தனை பேருக்கு ஓர் ஆசான் போதும், கழுத்தெலும்பு அடிபட்டவரை அசையாது கரை சேர்ப்பது எங்ஙனம், மூச்சடைத்தவர்க்கு என்ன செய்வது? இவற்றுள் ஒன்று தவறினாலும் உயிர் போகும். அனைத்துலகச் சங்கத்தின் முதற்படிச் சான்றிதழ் பெறுவதற்குக் கடல்சார்ந்த உயிர்காப்புத் தகைமையும் உடனிருக்க வேண்டுமென்று விதித்திருப்பது இதனாலேயே. தன் உடலைக் காக்கத் தெரிந்தவன் நீச்சற்காரன். பிறர் உடலுக்குப் பொறுப்பேற்கத் தெரிந்தவனே ஆசான்.

பலகைக்கும் உயிர்காப்புக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. ஹவாய்த் தீவின் டியூக் கஹானமோக்கு என்பார் ஒலிம்பிக்கிற் பொற்பதக்கம் வென்ற நீச்சல் வீரர். 1914–15ஆம் ஆண்டுக் கோடையிற் சிட்னி நகரை அடுத்த கரையில் அலைச்சறுக்கைக் காட்டி அவுஸ்திரேலியரை வியப்பித்தவரும் அவரே. 1925இல் கலிபோர்னியக் கரையில் மீன்பிடிப் படகொன்று கவிழ்ந்தபோது, அவர் தம் பலகையோடு கொந்தளிப்பிற் பாய்ந்து திரும்பத் திரும்பச் சென்று எட்டுப் பேரைக் கரை சேர்த்தார். அதன்பின் உயிர்காப்போர் பலகையைத் தம் கருவிகளுள் ஒன்றாகக் கொண்டனர். அவுஸ்திரேலியாவிலோ, 1938 பெப்ரவரி 6ஆம் நாள், பொண்டைக் கரையில் அடுத்தடுத்து எழுந்த பேரலைகள் நூற்றுக்கணக்கானோரை ஆழத்துக்கு இழுத்தன. அன்று கரையில் நின்ற தொண்டரான உயிர்காப்பாளர் கடலிற் குதித்துக் கிட்டத்தட்ட எல்லோரையும் மீட்டனர், இறந்தவர் ஐவர். அத்தொண்டர் சம்பளம் வாங்கியவரல்லர். எழுதுவினைஞரும் கடைக்காரரும் கல்லூரி மாணவருமாய்ப் பயிற்சி பெற்றுப் பதக்கம் பூண்ட ஊரவர்.

நம் கரையின் நினைவு இவ்விடத்து எழாதிருக்குமோ? 2004 மார்கழி 26ஆம் நாள் காலை அம்பாறை மாவட்டம் இழந்த உயிர்கள் பத்தாயிரத்துக்கு மேல். இலங்கையில் வேறெம் மாவட்டமும் அத்துணை உயிர்களை இழக்கவில்லை. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரு மணி நேரத்திற் சிதைந்தன. அத்தகைய பேரலையின் முன் நீச்சல் என்ன செய்யும் எனக் கேட்பார் உளர். கடலைப் படிக்கத் தெரிந்தவன் நீர் உள்வாங்கிய கணத்திலேயே கரையை விட்டு ஓடியிருப்பான் என்பதே எமது விடை. கடலின் அருகே பிறந்து, கடல்மீனை உண்டு, கடற்காற்றில் உறங்கி, கடலிற் கால் வைக்க அஞ்சும் ஒரு தலைமுறையை நாம் வளர்த்துவிட்டோம். அச்சம் இயல்பே, எத்தனை வீடுகளில் அந்நாளின் துயர் இன்னும் ஆறவில்லை! எனினும் அச்சத்தைத் தீர்ப்பது அறிவு. நம் கல்லூரியில் முக்கோணவியல் தெரிந்த மாணவர் எத்தனையோ பேர். இருபத்தைந்து மீற்றர் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர் என விளையாட்டு ஆசிரியர் ஒருநாள் எண்ணிப் பார்ப்பாராக.

பெற்றோர் இத்தொழிலை விரும்பாமைக்குக் காரணம் உண்டு. அதனை நாம் மூடி மறைக்கப் போவதில்லை. மருத்துவர், பொறியியலாளர், ஆசிரியர், கிராம சேவகர் என்ற வரிசைக்குப் பின் ‘கட்டார், சவூதி’ என்பதே நம் வீடுகளிற் பிள்ளையின் எதிர்காலம். கடற்கரையில் அரைக் காற்சட்டையோடு திரிபவன் கெட்டுப்போனவன் என்று ஊர் எண்ணுகின்றது. மதுவும் போதையும் அக்கரைகளில் இல்லையென எவரும் சொல்லார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் கோயிற் திருவிழாவுக்கும் வராத மகனைப் பற்றித் தாய் கவலைப்படுவது நியாயமே. ஆயின் இக்கவலைக்கு மருந்து தொழிலை இழிவென ஒதுக்குவதா? ஒதுக்கியதால் நேர்ந்தது யாது? படிப்பு ஏறாதவன் செய்யும் வேலை எனப் பெயரிட்டோம். ஆதலின் அங்கே கட்டுப்பாடும் சங்கமும் விதியும் ஏற்படவில்லை. ஆள்பெர்க் மலையூரார் தம் ஆசான்மார்க்குச் சீருடையும் நேரமும் நடத்தை விதியும் வகுத்தனர். பிரான்சிலே சிவப்புச் சட்டை அணிந்த பனிச்சறுக்கு ஆசானுக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு உரிய மரியாதை உண்டு. மரியாதை கொடுத்தால் ஒழுக்கத்தைக் கேட்டு வாங்கலாம். கொடாமல் வாங்க முடியாது.

முஸ்லிம் சகோதரர் நிறைந்த இக்கரையிற் பெண்பிள்ளைகள் நீந்துவது பற்றிய தயக்கமும் உண்டு. தமிழர் வீடுகளில் மட்டும் அத்தயக்கம் இல்லையென்பது பொய். 2018இல் அறுகம்குடாவிலே நாட்டின் முதலாவது மகளிர் அலைச்சறுக்குக் கழகம் அமைந்தது. வீட்டார் தடையும் ஊரார் பேச்சும் தாங்கிய பெண்கள் அதனை அமைத்தனர். உடலை மூடிய நீச்சலுடைகள் இன்று கிடைக்கின்றன. பெண்களுக்குப் பெண்களே கற்பிக்கலாம். அதிகாலையில் தனி வேளை ஒதுக்கலாம். வழி வேண்டுவோர்க்கு வழி உண்டு. வெளிநாட்டுப் பெண்கள் பெண் ஆசிரியரையே விரும்பித் தேடுகின்றனர் என்பதும் எண்ணத்தக்கது.

வருமானம் நிலையற்றது என்னும் தடை வலியது. 2019 ஏப்ரல் 21ஆம் நாளின் குண்டுவெடிப்புகளும் அதனையடுத்துச் சாய்ந்தமருதில் நிகழ்ந்த கொடுமையும் விருந்தினரை விரட்டின. 2020இல் பெருந்தொற்று வந்தது. 2022இல் எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை. 2024 ஒக்ரோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்குடாவைக் குறித்து ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்ததும் விருந்தினர் பலர் வெளியேறினர். ஒரு செய்தித்தாளின் தலைப்பினால் ஒரு பருவம் அழியும் தொழிலுக்குப் பிள்ளையை அனுப்புவதா என்பார்க்கு நாம் சொல்வது இதுவே: விடுதி கட்டியவன் தன் சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, சான்றிதழ் பெற்ற ஆசான் போகலாம். மாலைதீவுக்குப் போகலாம், இந்தோனீசியாவுக்குப் போகலாம், சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்துக்கும் போகலாம். அக்கோவளத்தின் மீனவராகிய மூர்த்தி மேகவன் என்பார் தாமே அலையேறக் கற்று, தம் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பள்ளியை உண்டாக்கினார். அவ்வூரில் 2013 முதல் அலைச்சறுக்கு விழா நடந்து வந்தது. 2025இல் மாமல்லபுரத்திலே ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்தேறியது. அங்கே கடல்தொழிற் குடும்பத்துப் பிள்ளைகள் ஆசிரியராகி நிற்பதைக் கண்டேனும் நம்மவர் நாணம் நீங்குவாராக.

சான்றிதழ் என்பது வெறுங் கடுதாசி எனச் சொல்வோர் பிரான்சு நாட்டைப் பார்க்க. உரிய தகைமையின்றி அங்கே பனிச்சறுக்குக் கற்பிப்பது குற்றம். 2014இல் மெஜேவ் என்னும் மலையூரிலே, பல்லாண்டு கற்பித்து வந்த ஆங்கிலேய ஆசான் ஒருவரையும் அவர்தம் துணைவரையும் பொலிசார் பிடித்துச் சென்றனர். வழக்கும் தண்டமும் தொடர்ந்தன. தம் மலையின் தொழில் தம் பிள்ளைகளுக்கே எனப் பிரான்சியர் கருதினர். அது நீதியா பொறாமையா என்பது வேறு வழக்கு. ஆங்கிலேயர் பொறாமை என்றே சொல்லினர். ஆயின் பிரான்சியர் வெறுங்கையோடு நின்று அவ்வாறு சொல்லவில்லை. உலகிலேயே கடினமான தேர்வுகளுள் ஒன்றைத் தம் பிள்ளைகளுக்கு முதலில் விதித்து, அதிற் தேறியவரை நிறுத்திக்கொண்டே அந்நியரைத் தடுத்தனர். சுற்றுலா அனுமதியில் வந்து நம் கரையிற் தொழில் செய்யும் வெளிநாட்டாரைப் பற்றி முறைப்பாடு செய்வோர் பலர். சட்டம் அவர்களைத் தடுக்கவே வேண்டும். ஆனால் தடுத்த பின் அவ்விடத்தில் நிறுத்துவதற்குத் தகைமை பெற்ற நம் பிள்ளை இருக்கின்றானா? இல்லாத இடத்தை எச்சட்டமும் நிரப்பாது.

படித்தவரிடையே நிலவும் இன்னொரு மயக்கத்தையும் இங்கே சுட்டுதல் வேண்டும். கை கால் கொண்டு செய்யும் வித்தை அறிவு ஆகாது என்பது அம்மயக்கம். காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகள் அங்ஙனம் எண்ணவில்லை. வழக்கொழிந்த பழைய யாழை, பாணர் கைக்கருவி எனத் தள்ளாமல், ஒலியின் இயல்பாலும் கணிதத்தாலும் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலாக வெளியிட்டார். நம் கரைவலைப் பெரியவர்களிடம் அத்தகைய கணக்கு ஒன்று உண்டு. நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் கொண்டு இன்று வலை இறக்கலாமா எனச் சொல்வர். ஒலுவிற் துறைமுகம் கட்டப்பட்ட பின் மணல் எப்பக்கம் ஓடிற்று, எந்தக் கரை தின்னப்பட்டது என்பதைப் படங்களைப் பாராமலே விளக்குவர். அவ்வறிவு எழுதப்படாமலே அவர்களோடு மறைகின்றது. அலையாசானுக்கு உரிய பாடநூல் ஒன்றைத் தமிழில் எழுதப் புகுந்தால் அதன் முதல் இயல் அவர்களிடமிருந்தே வர வேண்டும். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்க, அதற்கு எழுத்தாளர் கிடையாமற் போகார்.

வெளிநாட்டுப் பயிற்சியை நாம் வேண்டுவதும் அளவோடேயே. எடுத்த எடுப்பில் ஒருவனை அவுஸ்திரேலியாவுக்கு ஏற்றுவது பணத்தைக் கடலிற் போடுவதாகும். முதலில் இங்கேயே நீச்சலும், இலங்கை உயிர்காப்புச் சங்கத்தின் தேர்வுகளும், முதலுதவியும் முடிய வேண்டும். அடுத்தது ஆங்கிலம், கூடுமாயிற் சிங்களமும், தென்கரையில் ஆறு மாதம் தொழில் செய்யப் போகிறவனுக்கு அது இன்றியமையாதது. ஒரு பருவம் பொத்துவிலிலே தகைமை பெற்ற ஆசான் ஒருவருக்கு உதவியாளனாக நிற்க வேண்டும். விருந்தினர் சினக்கும்போது அவன் எவ்வாறு பேசுகின்றான் என்பதை அங்கேயே அறிந்துவிடலாம். இவ்வளவும் தேறியவனையே வெளிநாடு அனுப்ப வேண்டும். அவன் அங்கு கற்க வேண்டியது புதிய வித்தைகளையன்று, பிறரை ஆசிரியராக்கும் முறையை. திரும்பி வந்து மூன்று பருவங்களேனும் இம்மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பேன் என எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்தும் வாராதிருப்பார் உண்டே எனின், மருத்துவரும் பொறியியலாளரும் அங்ஙனமே சென்றிருக்க, அவர்க்காகக் கல்லூரி விஞ்ஞான கூடத்தை மூடியதா?

செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. இலண்டனிலும் தொறன்ரோவிலும் மெல்பேணிலும் துபாயிலும் நம் பழைய மாணவர் உளர். மெல்பேண் அன்பர்கள் கடலோர உயிர்காப்புக் கழகங்களுக்கு அண்மையிலேயே வாழ்கின்றனர். ஒரு மாணவனை இரண்டு மாதம் தம் வீட்டில் வைத்திருக்க அவர்களுட் சிலரேனும் இசைவர் என நம்புகின்றோம். விழாக் காலங்களில் நுழைவாயில் வளைவும் சிலையும் மணிக்கூட்டுக் கோபுரமும் அன்பளிப்புச் செய்யும் நல்வழக்கம் நம்மிடம் உண்டு. அதை நாம் பழிக்கவில்லை. இம்முறை ஒரு வளைவைக் குறைத்துக்கொண்டாலும் கல்லூரி நிமிர்ந்தே நிற்கும்.

சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை நிகழ்ச்சி நிரலிற் சேர்க்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம். முதலாண்டுக்கு இருவர் போதும். ஒருவர் நம் கல்லூரி மாணவராகவும், மற்றவர் பொத்துவிற் பாடசாலைகளுள் ஒன்றிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளையாகவும் இருக்கட்டும். அலை அவ்வூரின் வாசலில் உடைகின்றதாகையால் அவ்வூரை விட்டு இதனைச் செய்வது முறையன்று. உயர்தரப் பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்றவரைத் தேடிப் பிடித்து இதற்கு அனுப்பும் பழக்கத்தை மட்டும் தொடக்கத்திலேயே விலக்க வேண்டும். கச்சான் எழும்புமுன் நீச்சற் பயிற்சி தொடங்குமாயின், அதே பருவத்தில் அவ்விருவரும் பொத்துவிற் கரையில் உதவியாளராக நிற்கலாம்.